காந்தத்தின் கயிறு

1

இது கதையாகப் பிறந்ததல்ல. நூலகத்தார் என்னிடம் கேட்டது ஒரு குறிப்பு. வாசலில் வெண்கலச் சிலை ஒன்று வரப்போகிறது; பக்கத்தில் ஒரு பலகை; பலகையில் நூற்றிருபது சொல். சிலை செய்பவர் என் அண்ணி. எழுதுபவள் நான். நாத்தனார் என்ற பதவியில் எத்தனையோ கடமைகள் உண்டு. எனக்கு வாய்த்தது இது.

எழுத உட்கார்ந்த முதல் நாளே இரண்டு சொல் கிடைத்தன: கேட்கும் கை.

ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நன்றாக இருக்கிறது அல்லவா? மீதி நூற்றுப்பதினெட்டையும் இந்த இரண்டின் மேல் சாய்த்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சிலைக்காக அண்ணியின் முன்னால் வந்து நின்ற பழைய இரும்புக் கடை அக்காவுக்கோ ஒரே ஒரு நிபந்தனை: தன் கை யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது.

இரண்டும் ஒரே வாசலில் நிற்க முடியாது. ஒன்று போயாக வேண்டும். எது போவது என்று தீர்மானமாகிக்கொண்டிருந்த அரை நிமிஷம் நான் பக்கத்திலேயே இருந்தேன். அப்போது நான் செய்ததை, அல்லது செய்யாமலிருந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். இரண்டில் எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதிக்கொண்டே போனால் தெரிந்துவிடும் என்பார்கள். பார்ப்போம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

உலையிலிருந்து மூசைக் குடுவையைத் தூக்கினார்கள். உருகிய வெண்கலம் சூரியனைப் போல—

(இல்லை. உருகிய வெண்கலம் ஆரஞ்சுப் பழச்சாறு போலத்தான் இருக்கிறது. அப்படி எழுதினால் யாரும் பயப்பட மாட்டார்கள். விட்டுவிட்டேன்.)

இரண்டாவது:

சமூகத்தின் விளிம்பில் வாழும் மனிதர்களை வெண்கலத்தில்—

(இது நூலக அதிகாரியின் கடிதத்தில் இருந்தது. அந்த அக்கா வேலை செய்யும் பழைய இரும்புக் கடை பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே, ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது. விளிம்பில் இருப்பது என் வீடு. கடைசி நிறுத்தத்தில் இறங்கி இன்னும் நடக்க வேண்டும்.)

மூன்றாவது:

அண்ணி செய்யும் மனிதர்களுக்குக் கைகால் நீளம்.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அண்ணி செய்யும் மனிதர்களுக்குக் கைகால் நீளம். தலை சிறிது. முதுகு, உள்ளேயிருந்து யாரோ தள்ளியது போல இருக்கும். மெழுகில் அழுத்திய கட்டைவிரல் தடம் அப்படியே வெண்கலத்திலும் நிற்கும். தேய்த்துப் பளபளப்பாக்க விடமாட்டார். பகலில் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். மற்ற நேரத்தில் இது.

இதுவரை செய்தவர்கள்: பொதுக் கழிப்பறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர். நாற்சந்தியில் நின்று வண்டிகளைத் திட்டுபவர். மருத்துவமனை வராந்தாவில் ஆறு மாதமாக யாருக்காகவோ காத்திருப்பவர். நம் கண்ணில் தினமும் பட்டும் நாம் பார்த்திராத ஆட்கள்.

அண்ணனுக்குச் சிலைகளைப் பற்றி ஒரே கருத்துதான்.

"எல்லாரும் உன்ன மாதிரியே இருக்காங்க."

"நல்லாப் பாருங்க. உங்க தங்கச்சி மாதிரி இருக்காங்க" என்பார் அண்ணி.*

* எனக்குக் கழுத்து நீளம். கதைக்கு இது தேவையில்லை.

வெண்கலச் சிலை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கொஞ்சம்தான். முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் சாந்து பூசி மூடிவிடுவார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே ஆள் வடிவில் ஒரு வெற்றிடம். அதில் வெண்கலத்தை ஊற்றுவார்கள். உலோகம் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர வழி வேண்டுமே; அதற்காக மெழுகு உருவத்தின் மேல் ஆங்காங்கே மெழுகுக் குச்சிகளை ஒட்டுவார்கள். பட்டறையில் அவற்றுக்கு ரன்னர் என்று பெயர். சிலை வெண்கலமாகும்போது ரன்னரும் வெண்கலமாகிவிடும். கடைசியில் அவற்றை அறுத்து எறிவார்கள்.

இதில் ஒரு சிக்கல். அண்ணி செய்யும் விரலும் ரன்னரும் ஒரே பருமன்.

கழிப்பறைக்காரர் சிலையில், உலைக்காரர் ஆள்காட்டி விரலை ரன்னர் என்று அறுத்துவிட்டார். ஒரு ரன்னரை விரல் என்று விட்டுவைத்தார். கண்காட்சிக்கு வந்த ஒருவர் அந்த ரன்னரின் முன்னால் வெகுநேரம் நின்று கண்கலங்கினார். அண்ணி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

[பிறகு பட்டறைக்குப் போய் உலைக்காரரிடம் சொன்னதை அச்சில் போட முடியாது.]

அன்றிலிருந்து ஒரு விதி. அறுக்க வேண்டிய ரன்னர்மேல் அண்ணி சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். குறி இருந்தால் அறுக்கலாம். இல்லாவிட்டால் தொடக்கூடாது. விரல் பக்கம் மிஷின் வரவே கூடாது, கை ரம்பம்தான்.

இந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன்.

4

அக்காவின் பட்டப்பெயர் காந்தம். பெரிய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தெருவோடு இழுத்துக்கொண்டு போவார். இரும்பு தானாக வந்து ஒட்டும். ஒட்டாததைக் குனிந்து பொறுக்குவார்.

"ஒட்டாததுதான் எனக்குச் சோறு" என்றார். "இரும்பு யாருக்கு வேணும்? செம்பு, பித்தளை, வெண்கலம் எதுவுமே காந்தத்த மதிக்காது. அதான் அதுக்கு மரியாதை."

பலகைக்குறிப்புக்காக ஒரு வாரம் அந்தக் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். கடையில் எனக்கென்று ஒரு கவிழ்த்த வாளி உண்டு. அக்கா நின்றுகொண்டே வேலை செய்வார். கயிறு மணிக்கட்டில் இரண்டு சுற்று. பிறகு விரித்த உள்ளங்கைமேல் ஓடி, ஆள்காட்டி விரல் நுனியில் வழிந்து, நேரே தரைக்கு இறங்கும்.

"கயிற இறுக்கிப் புடிக்க மாட்டீங்களாக்கா?"

"இறுக்கிப் புடிச்சா கைக்கு என்ன தெரியும்? கைய விரிச்சு வெச்சாத்தான் ஒட்டினது ஆணியா நட்டான்னு சொல்லும்."

"சொல்லுமா?"

"உனக்குப் பேனா சொல்லாதா?"

சொல்லாது. ஆனால் தலையாட்டினேன்.

அப்போது, கடையில் கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு பழைய வால்வை எடுத்து இரும்புக் குவியலில் போடப் போனார். அக்கா ஒரு சத்தம் போட்டார். வாளி நடுங்கியது. மேலே நான்.

"யோவ்! கண்ண எங்க வெச்சிருக்க? குறி போட்டிருக்குல்ல!"

வால்வின்மேல் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி.

"குறி போட்டா என்னக்கா அர்த்தம்?"

"வெண்கலம்னு அர்த்தம். எவனும் தொடக்கூடாதுன்னு அர்த்தம்."

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முந்தின பக்கத்தில் பட்டறைக் குறியைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டு பக்கமும் எதிரெதிரே. ஒரே குறி: அங்கே 'அறு', இங்கே 'தொடாதே'. பின்னால் ஏதாவது கட்டுரையில் பயன்படும் என்று நினைத்து, அதன்மேல் நானும் ஒரு நட்சத்திரம் போட்டுவைத்தேன்.

5

உலைக்காரரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதையில் அவர் மிகவும் நல்லவராக வந்துவிடுவார் போலிருக்கிறது. அழுக்கு பனியன், தடித்த கண்ணாடி, நல்ல மனசு என்று வார்த்தைகள் தாமாக வரிசை கட்டுகின்றன. எனவே ஒரு குறையைச் சேர்க்கிறேன்: மற்றவர்களுக்கு வந்த டீயைக் குடித்துவிடுவார். உண்மையிலேயே குடிப்பார். என்னுடையதை மூன்று முறை.

அவருக்குச் சிலை பக்க வேலை. முக்கிய வேலை பம்புக்கு வால்வு வார்ப்பது. "உங்க சிலைக்கும் என் வால்வுக்கும் ஒரே உலைதான், டீச்சர். வால்வு ஒழுகினா வந்து சண்டை போடுவான். சிலைக்கு அந்தத் தொல்லை இல்ல" என்பார்.

அக்கா பொறுக்கும் வெண்கலமெல்லாம் அவரிடம்தான் போகும். அப்படி ஒருநாள் மூட்டையோடு வந்தபோதுதான் தன்னை மெழுகில் பார்த்தார்.

சுற்றி வந்தார். மெழுகு அக்காவுக்குத் தலையில் ஒரு புனல். தோளில், இடுப்பில், முழங்காலில் ரன்னர்கள். நீட்டிய வலது கையின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து பீடம் வரை நேராக ஒன்று. அவ்வளவு மெல்லிய விரலுக்கு வேறு வழியில் உலோகம் போகாது என்று உலைக்காரர் ஒட்டியது.

"என்ன டீச்சர், உடம்பு பூராக் குழாய் சொருகியிருக்கீங்க? ஐசியூல கெடக்குற மாதிரி இருக்கேன்."

"அதெல்லாம் ரன்னர்க்கா. அப்புறம் அறுத்துடுவோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி. கயிறு எங்க?"

"கயிறு வேணாம்க்கா. அது இல்லாமலே புரியும்."

"யாருக்கு?"

அக்கா சிலைக்குப் பக்கத்தில் நின்று தன் வலது கையை மெழுகுக் கை போலவே நீட்டினார். உள்ளங்கை மேலே. விரல்கள் விரிந்து.

"கயிறு இருந்தா இது வேலை. இல்லேன்னா?" அப்படியே கையை என் பக்கம் திருப்பினார். "நீ சொல்லு தங்கச்சி. இந்தக் கையப் பாத்தா என்ன போடுவ?"

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் பையில், நூற்றிருபது சொல்லின் முதல் இரண்டும் பத்திரமாக இருந்தன.

"டீ வாங்கிக் குடுக்கலாம்" என்றார் உலைக்காரர்.

"சும்மா இருங்கண்ணே." அக்கா சிரிக்கவில்லை. "டீச்சர், என் பொண்ணு அந்த லைப்ரரிலதான் புக்கு எடுத்துக் குடுக்குறா. அவ அம்மாவுக்கு என்ன வேலைன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அவ மறைக்கல. நீங்கதான் மறைக்கிறீங்க. தெனம் நாலு தடவ அந்த வாசல்ல போய் வரணும் அவ."

"அக்கா, இது ஃபோட்டோ இல்ல. அந்தக் கையில இந்த ஊரோட மொத்தப் பாரமும்—"

"என் கையில காந்தத்தோட பாரம்தான் இருக்கும். ஒன்றரைக் கிலோ."

[இங்கே அக்காவைக் கொஞ்சம் தணிவாகப் பேசவைக்கலாமா என்று யோசித்தேன். தணிவாகப் பேசும் அக்கா என்றால் வாசகர்களுக்கு அழுகை எளிதில் வரும். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். அந்த அக்கா என் சித்தி மாதிரி இருந்தார். கிழித்துவிட்டேன்.]

அண்ணி பிடிவாதக்காரர். மறுநாள் சாந்து பூச வேண்டும், மெழுகில் இனி எதையும் மாற்ற முடியாது என்றார். அது உண்மையல்ல. அரை மணி நேரத்தில் ஒரு மெழுகுக் கயிறு திரித்து ஒட்டியிருக்கலாம். ஆனால் கயிறு வந்தால் அது வெறும் கயிறு பிடித்த பெண் ஆகிவிடும் என்று அன்று வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்.

"கேட்கும் கை" என்றேன்.

அண்ணி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அதேதான்டி. அதப் பலகையில போட்டுடு."

6

ஊற்றிய நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்று முடிவு. முதல் தொடக்கத்தில் பட்ட பாடு போதும்.

இரண்டு நாள் ஆறவிட்டு அச்சை உடைத்தார்கள். சாந்து பாளம்பாளமாக விழுந்தது. உள்ளேயிருந்து கறுத்த அக்கா, குழாய்களோடு, புனலோடு, வெளியே வந்தார். வெள்ளை அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்; அதாவது நிஜ அக்கா; சாந்துத் தூசி. அந்த வெண்கலத்தில் பாதி அவர் பொறுக்கியது. தேய்ந்த மோட்டார் புஷ், ஒழுகிய வால்வு, நாக்கில்லாத மணி.

விரல் நுனியிலிருந்து இறங்கிய ரன்னர், அண்ணி செய்த எதையும் விட நேராக வந்திருந்தது. அடியில், பீடத்தைத் தொடும் இடத்தில், உலோகம் கொஞ்சம் கசிந்து வட்டமாக உறைந்திருந்தது.

அக்கா குனிந்து அதைத் தட்டினார். நிமிர்ந்தார்.

"டீச்சர்! கயிறு வந்துடுச்சு! கீழ பாருங்க, காந்தமும் வந்துடுச்சு!"

"அது ரன்னர்க்கா."

"நீங்க ரன்னர்னு சொல்லிக்கோங்க. நான் கயிறுன்னு சொல்லிக்கிறேன். அறுக்காம விட்டா நமக்குள்ள சண்டையே இல்ல."

"நான் செஞ்சதில்ல அது. தானா வந்தது."

"தானா வந்து கெடக்குறதத்தான் நான் இத்தன வருஷமாப் பொறுக்குறேன்."

உலைக்காரர் யாருடைய டீயையோ குடித்துக்கொண்டே சிலையைப் பார்த்தார். "பாத்தா கயிறு மாதிரிதான் இருக்கு, டீச்சர்" என்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உலைப்பக்கம் போய்விட்டார்.

அக்காவும் வெளியே போனார். மதிய இடைவேளையில் மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள். கேட்டில் நின்று கூட்டிவர வேண்டும்.

அண்ணி பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். தோள் ரன்னரில் குறி. இடுப்பில் குறி. முழங்காலில் குறி. புனலில் குறி. விரல் நுனிக்கு வந்தார். நின்றார். பின்னால் போய்ப் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். தன் கையை அதேபோல நீட்டிப் பார்த்தார், ஒரு முறை, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்பீஸைச் சிலையின் பீடத்தில் வைத்துவிட்டு, தலையில் படிந்த சாந்தைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார்.

அந்த ரன்னரில் குறி இல்லை.

அண்ணிக்குச் 'சரி' என்று சொல்லும் வழக்கம் கிடையாது. இப்படித்தான் சொல்வார்.

என் இரண்டு சொல்லும் அந்த இடத்தில் செத்துப்போயின. துக்கமாகத்தான் இருந்தது. இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் துக்கத்தோடு நல்லவளாக இருந்திருப்பேன்.

7

அக்கா திரும்பி வந்தார். மகள் இன்னும் வரவில்லை. சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் மாறியது.

"பாத்தியா தங்கச்சி? கண்ட குழாய்க்கெல்லாம் குறி போட்டுப் பத்திரப்படுத்தியிருக்காங்க. என் கயித்த மட்டும் விட்டுட்டாங்க."

பீடத்தில் கிடந்த சாக்பீஸை எடுத்தார். தன் கயிற்றின் மேல், விரல் நுனிக்குக் கீழே, அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டார். மற்ற எல்லாக் குறியையும் விடப் பெரிதாக.

"இப்ப எவன் தொடுறான்னு பாக்குறேன்."

நான் வாயைத் திறந்தேன். "அக்கா, இங்க அந்தக் குறிக்கு—" என்று ஆரம்பித்தேன்.

(ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். இந்த வாக்கியம் நிற்கட்டும்.)

கேட்டுப் பக்கமிருந்து "அம்மா!" என்று குரல். அக்கா ஓடிவிட்டார்.

உள்ளே உலைக்காரர் அடுத்த வால்வுக்காக உலையை மூட்டி புளோயரைப் போட்டார். காற்று இரைச்சலில் பட்டறைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. கையில் ரம்பத்தோடு வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். குறிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் பெரிய குறி எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கே இருந்தவர்களில் இரண்டு கடையின் குறியும் தெரிந்த ஒரே ஆள் நான்.

ரம்பத்தை விரல் நுனிக்குக் கீழே வைத்தார்.

ஒன்று.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

இருபத்துமூன்று.

ரம்பம் நின்றது. நான் அவர் தோளைப் பிடித்திருந்தேன்.

"என்னம்மா?"

"அது கயிறு!"

"என்ன?"

"கயிறு!"

அவர் போய் புளோயரை நிறுத்தினார்.

8

ரன்னர் பாதிவரை அறுபட்டிருந்தது. வெட்டின் உள்ளே புது வெண்கலம் மஞ்சளாக மின்னியது.

தலையில் தண்ணீர் சொட்ட அண்ணி வந்தார். அக்காவும் வந்தார், மகளோடு. மகள் அம்மாவை விட ஒரு தலை உயரம். கழுத்தில் நூலக அடையாள அட்டை. மூன்று பேரும் வெட்டைப் பார்த்தார்கள். உலைக்காரர் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"குறி போட்டிருந்துச்சு. அறுத்தேன்."

"நான் குறி போடலையே" என்றார் அண்ணி.

"நான்தான் போட்டேன்" என்றார் அக்கா. "குறி போட்டா அறுப்பாங்களா? குறி போட்டதத் தொடவே கூடாதுண்ணே!"

"இங்க குறி போட்டாத்தானே அறுப்போம்!"

"என்ன கடை நடத்துறீங்க!"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அக்கா. பிறகு உலைக்காரர், கொஞ்சம் தாமதமாக, ரம்பத்தை முன்னால் எடுத்து. அண்ணி சிரிக்கவில்லை. வெட்டில் நகத்தை வைத்து ஆழம் பார்த்தார்.

மகள் சிலையை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். அக்கா மூச்சுவிடாமல் நின்றார்.

"கயிறு சரியா இருக்கும்மா. கயிறப் பாத்தாலே நீதான்னு தெரியுது." இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "மூக்கு யாருது?"

அக்கா மூச்சுவிட்டார்.

"வெல்டு வெச்சு அடச்சிடவா?" என்று உலைக்காரர் கேட்டார்.

"வேணாம். இழுத்து இழுத்துக் கயிறு அந்த எடத்துலதான் எப்பவும் நையும்." அக்கா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பீடத்தில் இருந்த காந்தத்தைக் காட்டினார்.

உலைக்காரர் தலையைச் சொறிந்தார். "நல்லவேள நிறுத்துனீங்க. எத்தன இழுப்பு இழுத்திருப்பேன்? ஒரு பத்து இருக்குமா?"

"இருபத்திமூணு" என்றேன்.

அண்ணி மெதுவாகத் திரும்பினார். தலையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துடைக்கவில்லை.

"எண்ணிட்டிருந்தியா?"

9

சிலை இப்போது நூலக வாசலில் நிற்கிறது. பலகையில் என் குறிப்பு இல்லை. அக்காவும் மகளும் சொன்னபடி ஏழே சொல்:

காந்தம். பழைய இரும்புக் கடை. பேருந்து நிலையம் எதிரில்.

நூலக அதிகாரிக்கு இது விளம்பரம் போலத் தோன்றுகிறதாம். விளம்பரம்தான். நாலைந்து பேர் பழைய மின்விசிறியோடு கடையைத் தேடி வந்துவிட்டார்களாம்.

'கேட்கும் கை'யை நான் தூக்கி எறியவில்லை. பலகையில் போடமுடியாததை இங்கே வைத்துக்கொண்டேன். எத்தனை முறை என்று எண்ணாதீர்கள். எண்ணுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

திறப்பு நாளன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் தங்கச்சி, நீ பக்கத்துலதான இருந்த? கத்தலையா?"

"புளோயர் சத்தம், அக்கா."

இதில் பொய் எதுவும் இல்லை. புளோயர் சத்தம் போட்டது.

"அதான பாத்தேன்" என்றார். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். விரித்த கை. எது ஒட்டினாலும் சொல்லிவிடும் கை. அன்று ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது சொல்லியும் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். நானும் ஒருமுறை அப்படி இருந்திருக்கிறேன்.

10

ஏழாவது பகுதியில் ஒரு பத்தியை எடுத்துவிட்டேன் என்றேன் அல்லவா? அந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு பத்தி இருக்கிறது. இரண்டையும் தருகிறேன்.

அ. முதல் இழுப்பிலேயே கத்தினேன். புளோயர் இரைச்சலில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் முதுகு என் பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் உடைந்த சாந்துப் பாளங்கள். ஏறி, இறங்கி, தடுக்கி விழுந்து, எழுந்து அவர் தோளைப் பிடிக்க அவ்வளவு நேரமாகிவிட்டது. ஓடும்போது ரம்பத்தின் சத்தத்தை மனசு தானாக எண்ணிக்கொண்டே வந்தது. பயத்தில் சிலருக்கு அப்படி ஆகும்.

ஆ. சாந்துப் பாளம் எதுவும் நடுவில் இல்லை. கை நீட்டினால் எட்டும் தூரம். முதல் இழுப்பில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஐந்தாவதில், அவர் அறுப்பது வெறும் ரன்னர்தானே என்று நினைத்தேன். ஒன்பதாவதில் பலகை கண்ணுக்குத் தெரிந்தது: நூற்றிருபது சொல், முதல் இரண்டும் சற்றுப் பெரிய எழுத்தில். பதினைந்தில் வெண்கலத் தூள் கீழே அந்தக் காந்தத்தின் மேல் விழுந்து சேர்வதைப் பார்த்தேன். அதற்கும் ஒரு வாக்கியம் தோன்றியது, நல்ல வாக்கியம். இருபத்திரண்டில், கேட்டுப் பக்கம் அக்கா மகளிடம் எதையோ சொல்லிச் சிரிப்பது புளோயரையும் மீறிக் கேட்டது.

வெட்டின் ஆழம் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. வெண்கலம் சாட்சி சொல்லாது. அண்ணி இதுவரை மறுபடி கேட்கவில்லை. என்னைப் போலவே கழுத்து நீண்ட ஒரு பெண்ணை மெழுகில் செய்துகொண்டிருக்கிறார். அவளுக்கு வாய் இருக்குமா என்று எட்டிப் பார்த்தேன். இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

இந்தக் கதை புத்தகமாகும். புத்தகம் அந்த நூலகத்துக்குப் போகும். மகள் அதை அலமாரியில் அடுக்குவதற்கு முன்னால் வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள்; என்னிடமே சொல்லியிருக்கிறாள். இரண்டு பத்தியும் இருக்கிறபடி அச்சுக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றை எடுக்கவும் இல்லை.

எனவே சாக்பீஸ் உங்கள் கையில். இரண்டில் ஒன்றின்மேல் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். நன்றாகத் தெரியும்படி, பெரிதாக.

எந்தக் கடைக் குறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.